கடகத்தில் இருந்த வியாழன்

வட்டக்கச்சி
09.02.2025

அன்புள்ள ஜனா,

நேற்று உன் தொலைபேசிக்கு நான்கு தடவை எடுத்தேன். மணி அடிக்கவே இல்லை. என் இலக்கத்தை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று விளங்கியது. ஏழு வருடமாக நான் எடுக்காததால், எப்போது தடுத்தாய் என்றுகூடத் தெரியாது. நேரே வரலாம் என்று இன்று காலை மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டேன். பாதி வழியில் அக்கராயன் சந்தியில் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஆகவே கடிதம்.

நேற்றுப் பின்னேரம் கிளிநொச்சியில் சோதிடம் பார்க்கும் என் சாத்திரக் கடையைப் பூட்டப்போகும் நேரம் ஒரு பெண் வந்தார். ஆடைத் தொழிற்சாலையில் வேலை. கழுத்தில் தொங்கிய அட்டையில் வினோஜா என்று இருந்தது. கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். பெயர் இருந்த மேல்பகுதியைக் கிழித்திருந்தார்.

"அண்ணை, நான் கலியாணம் கட்ட இருக்கிறவற்ற சாதகக் குறிப்பு இது. அவருக்குத் தெரியாமல் மேசை லாச்சிக்குள்ள இருந்து எடுத்துக்கொண்டு வந்தனான்," என்றார். "எங்கட வீட்டில எல்லாருக்கும் சம்மதம். அவர்தான் மாட்டன் எண்டுறார். தன்னைக் கட்டினால் நான் செத்துப்போவனாம். ஏழாம் வீட்டில செவ்வாய் நீசமாம், தாரம் தங்காதாம். முந்தி ஆரோ ஒரு சாத்திரி சொன்னவராம்."

தாளை விரித்தேன். என் கையெழுத்து.

"நீங்கள் இதை எனக்காக மாத்திச் சொல்ல வேண்டாம்," என்றார். "எத்தினை வருசத்தில எண்டு மட்டும் சொல்லுங்கோ. ஒரு அஞ்சு வருசம் இருப்பனெண்டாலும் எனக்குக் காணும். அதை வைச்சு அவரோட கதைச்சுப் பாக்கலாம்."

கட்டத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்தேன். வடிவாகப் பார்த்து வைக்கிறேன், அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

ஜனா, 2018இல் என் தங்கை பிரியந்தினிக்கும் உனக்கும் கலியாணப் பேச்சு வந்தபோது, உன் பழைய குறிப்பு யுத்தத்தில் தொலைந்துவிட்டது என்று பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து தந்தாய். அதை வைத்து நான் புதிதாகக் கணித்தேன். அதில் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது. கடகத்தில் இருக்க வேண்டிய வியாழன் அடுத்த கட்டமான சிம்மத்தில் விழுந்துவிட்டது. பார்த்து எழுதும்போது வந்த கவனப் பிழை. சரியான குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். அதன்படி உனக்கு எந்தக் குற்றமும் இல்லை. வினோஜா நல்ல பிள்ளையாகத் தெரிகிறார். கட்டு.

நடந்ததற்கு வருந்துகிறேன்.

கோகுலன்


ஜெயபுரம்
18.02.2025

சாத்திரியார் கோகுலன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வினோஜா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தது எனக்குத் தெரியாது. அவரை நான் ஏசவில்லை.

கவனப் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன். கவனப் பிழை எனக்கும் வரும். வந்தால் மோட்டர் அன்றைக்கே நின்றுவிடும், தோட்டக்காரன் அன்றைக்கே வந்து ஏசுவான். உங்கள் பிழை ஏழு வருடம் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியிருக்கிறது. அது என்ன செய்தது என்று தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் தங்கையின் பேச்சு முறிந்த பிறகு இரண்டு இடத்தில் எனக்குப் பெண் கேட்டார்கள். இரண்டு வீட்டாரும் உங்கள் தாளை வேறு சாத்திரிமாரிடம் காட்டினார்கள். அவர்கள் கட்டத்தைப் பார்த்தார்களே தவிர, யாரும் திரும்பக் கணிக்கவில்லை. தலையை ஆட்டித் திருப்பித் தந்தார்கள்.

மூன்றாவது, வன்னேரிக்குளம் சாரங்கா. அவரின் அம்மா கமலாசனி கணவன் இல்லாதவர். "எனக்குக் குறிப்பும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம் தம்பி, பெடியன் நல்லவன் எண்டால் காணும்" என்று சொன்ன ஒரே மனுசி. 2020 தையில் கலியாணம் என்று முடிவாகியிருந்தது. மார்கழியில் சாரங்காவுக்குக் காய்ச்சல். டெங்கு. ஆறாவது நாள் போய்விட்டார்.

செத்தவீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அத்தனை சனத்துக்கும் முன்னால் கமலாசனி அம்மா மண்ணை அள்ளி என் முகத்தில் எறிந்தார். "உன்ர செவ்வாய்தான்ரா என்ர பிள்ளையைத் திண்டது!" நான் முகத்தைத் துடைக்கவில்லை. அவர் சொன்னது உண்மை என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் அம்மா கும்பிட்டு அழுது என்னை ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போனார். வாழை மரத்துக்குத் தாலி கட்ட வேண்டும். பிறகு அதை வெட்டிச் சாய்க்க வேண்டும். முதல் தாரம் வாழையோடு போய்விட்டது என்று செவ்வாயை ஏமாற்றுகிற வேலை. கத்தியைக் கையில் தந்தார்கள். இரண்டு வெட்டில் விழவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது வெட்டில் விழுந்தது. உங்கள் கவனப் பிழைக்காக நான் ஒரு மரத்தைக் கலியாணம் செய்து கொலையும் செய்தவன்.

புதுத் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். முந்தியதும் உங்கள் கை, இதுவும் உங்கள் கை. அன்றைக்குப் பிழையாக எழுதினீர்களா, அல்லது அந்தப் பிள்ளை மீது இரக்கப்பட்டு இன்றைக்குப் பொய் எழுதுகிறீர்களா என்று நான் எப்படி அறிவது? இன்னொருவரின் பிள்ளையை வைத்து அதைப் பரிசோதிக்க நான் தயாரில்லை.

இனி எழுத வேண்டாம்.

வீ. ஜனார்த்தனன்


வட்டக்கச்சி
26.02.2025

ஜனா,

எழுத வேண்டாம் என்றாய். ஆனால் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில்: பொய் எழுதியது அன்றைக்குத்தான்.

கவனப் பிழை இல்லை. வியாழனை முதலில் கடகத்தில்தான் எழுதினேன். பிறகு பிளேட்டால் சுரண்டிவிட்டுச் சிம்மத்தில் எழுதினேன். அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார், கடகக் கட்டத்தில் மெல்லிய இடம் தெரியும்.

ஏன் அந்த ஒரு கட்டம் என்று உனக்கு விளங்க வேண்டும். ஒவ்வொரு கிரகத்துக்கும் பலம் கூடுகிற வீடு ஒன்று, பலம் இழக்கிற வீடு ஒன்று உண்டு. உச்சம், நீசம் என்போம். உன் இலக்கினம் மகரம். அதற்கு ஏழாம் வீடு, அதாவது மனைவியைக் காட்டும் வீடு, கடகம். செவ்வாய் அங்கே நீசம். அது உண்மை. எதிரே மகரத்தில் சனி ஆட்சியாக இருந்து நேராகப் பார்க்கிறது, அதுவும் உண்மை. ஆனால் வியாழன் உச்சம் பெறும் வீடும் இதே கடகம். நீ பிறந்த ஆனி மாதத்தில் வியாழன் அங்கேதான் இருந்தது. செவ்வாய்க்கு வியாழன் நட்புக் கிரகம். உச்சம் பெற்ற நண்பன் அதே வீட்டில் கூட இருந்தால் நீசம் முறிந்துவிடும். நீசபங்கம் என்று பெயர். சனியின் கடுமையையும் வியாழனின் பார்வை தணிக்கும். மோசமான குறிப்பு இல்லை ஜனா, நல்ல குறிப்பு. வியாழனை ஒரு கட்டம் தள்ளி எட்டாம் வீட்டில் மறைத்துவிட்டால் செவ்வாய் தனியாகிவிடும். அதைத்தான் செய்தேன்.

எனக்கு அப்போது வேறு வழி தெரியவில்லை. அப்பாவை உனக்குத் தெரியும். பழைய ஆள். ஜெயபுரத்துச் சம்பந்தம் என்றதும் ஒரு சொல் சொன்னார், அதை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது. எப்படியாவது இதைக் குழப்பு என்றார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அவரைக் குறை சொல்ல விரும்பவில்லை.

என்னை நம்ப வேண்டாம். பிறப்புச் சான்றிதழை வேறு யாரிடமாவது கொடுத்துக் கணித்துப் பார்.

இன்னொன்று. வினோஜா சொன்னபடி அடுத்த சனிக்கிழமை வந்தார். நான் கடையைத் திறக்கவில்லை. எதிரே இருக்கும் மருந்துக் கடைக்குள் நின்று பார்த்தேன். பூட்டிய கதவுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினார்.

கோகுலன்


ஜெயபுரம்
06.03.2025

சாத்திரியார் அவர்களுக்கு,

பிறப்புச் சான்றிதழை முழங்காவிலில் ஒரு வயதான சாத்திரியாரிடம் கொண்டுபோனேன். உங்கள் பெயர் சொல்லவில்லை. பஞ்சாங்கம் பார்த்துக் கணித்தார். கடகத்தில் வியாழனைப் போட்டார். "குரு உச்சமா நிக்கிறார், இதில குற்றம் எண்டு சொன்னவர் ஆர்?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் பழைய தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். சுரண்டிய இடம் தெரிந்தது. ஏழு வருடம் என் லாச்சிக்குள் கிடந்தது. ஒரு நாளாவது தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கலாம்.

இனி உங்கள் அப்பாவின் கதைக்கு வருகிறேன்.

பேச்சு முறிந்த மூன்றாம் நாள் உங்கள் அப்பா அப்புத்துரை ஐயா சைக்கிளில் ஜெயபுரம் வந்தார். வட்டக்கச்சியிலிருந்து சைக்கிளில், அந்த வயதில். அம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "தம்பி, எனக்கு மனம் நிறைஞ்ச விருப்பம். பிள்ளைக்கும் விருப்பம். இவன் குறிப்பில மோசம் எண்டுறான். படிச்சவன் சொல்லேக்க நான் என்ன செய்ய? மனசில வைச்சிருக்காதை," என்றார். எழும்பும்போது அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்குப் புது அரிசி அனுப்பினார், சாகும் வரைக்கும். உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

செத்தவர் மறுத்துச் சொல்லமாட்டார் என்று நினைத்தீர்களா?

எழுதக் கூசுகிறது என்ற அந்தச் சொல்லை நான் எழுதுகிறேன். தோட்டக்காட்டான். என் தாத்தா தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு மற்றவர்களோடு இந்த ஜெயபுரக் காட்டுக்கு வந்தவர். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேரின் வாயில் கேட்ட சொல். உங்கள் அப்பாவின் வாயில் கேட்டதில்லை. உங்கள் வாயிலும் கேட்டதில்லை, அதனால்தான் உங்களை நண்பன் என்று நினைத்தேன்.

பலமான நண்பன் பக்கத்தில் இருந்தால் விழுந்தவனுக்கும் பலம் வரும் என்று உங்கள் சாத்திரம் சொல்கிறதாம். அதை எழுதியவர் உங்களைக் கண்டதில்லைப் போல.

ஏன் செய்தீர்கள் என்று எழுதுங்கள். இந்த முறை செத்தவர் யாரையும் கூப்பிடாமல் எழுதுங்கள். அதோடு, எனக்கு எழுதி முடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வன்னேரிக்குளத்தில் கமலாசனி அம்மா, குறிப்புப் பார்க்காமல் கொடுத்ததால்தான் பிள்ளை செத்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு இருக்கிறார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

வீ. ஜனார்த்தனன்


வட்டக்கச்சி
17.03.2025

ஜனா,

இதைப் பத்து நாளாக எழுதிக் கிழித்து எழுதுகிறேன். அரிசி விசயம் எனக்குத் தெரியாது. பொங்கல் முடிந்ததும் ஒரு மூடை குறைவதைக் கண்டு அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். எலி என்பார்.

அப்பா எதுவும் சொல்லவில்லை. "குறிப்புப் பொருந்தினால் எனக்கு ஒண்டுமில்லை, நல்ல பெடியன்" என்றுதான் சொன்னார். செய்தது நான்.

2009இல் செட்டிகுளம் அகதி முகாமில் நம் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கூடாரம். எனக்கு வயிற்றோட்டம் வந்து எழும்ப முடியாமல் கிடந்தபோது என் உடுப்பைத் தோய்த்தது உன் அம்மா. அவரை நானும் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். இதை எழுதுவது உனக்கு ஞாபகப்படுத்த இல்லை. அதற்குப் பிறகுதான் நான் இதைச் செய்தேன் என்று எழுத்தில் இருக்கட்டும் என்பதற்காக.

கலியாணப் பேச்சு வந்த கிழமை, நான் ஒரு கொப்பித் தாளில் கலியாண அட்டையை எழுதிப் பார்த்தேன். எங்கள் பக்கம் எழுதினேன். உங்கள் பக்கம், "ஜெயபுரம் காலஞ்சென்ற வீரபாகு, ராக்காயி தம்பதிகளின் புதல்வன்" என்று எழுதினேன். ராக்காயி என்ற பெயரில் பேனை நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் அந்த அட்டையைக் கையில் பிடிப்பார்கள், பெயரை வாசிப்பார்கள், தோட்டத்துப் பெயர் என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்போதுதான் நான்கு பேர் என்னைச் சாத்திரியார் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் உடுப்பைத் தோய்த்தவரின் பெயரை அச்சில் பார்க்க வெட்கம். அந்த அளவுதான், ஜனா. பெரிய காரணம் எதுவும் இல்லை. நீ என் தோளில் கை போட்டால் எனக்குப் பிரச்சினை இல்லை. என் வீட்டு மாப்பிள்ளையாகக் கதிரையில் உட்கார்ந்தால் பிரச்சினை. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, எனக்கே சொன்னதில்லை. அந்தச் சொல்லைச் சொல்லாமலே அதைச் செய்தேன்.

இன்னும் இருக்கிறது. சாரங்கா இறந்த செய்தி வந்தபோது, "கோகுலன் சாத்திரியார் அப்பவே சொன்னவர்" என்று ஊருக்குள் கதை பரவியது. கடைக்கு வந்து என்னிடம் நேரேயும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ஆமென்றும் சொல்லவில்லை. கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டினேன். அந்த மாதத்திலிருந்துதான் எனக்குச் சனம் கூடியது. முல்லைத்தீவிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்தார்கள். நான் சொன்ன ஒரு சாவு பலித்திருக்கிறது அல்லவா. அந்தப் பிள்ளையின் சாவின் மேல்தான் என் கடை நிற்கிறது.

வேறு எது வேண்டுமானாலும் செய்கிறேன். கடையைப் பூட்டுகிறேன். பெயர்ப் பலகையைக் கழற்றுகிறேன். பிரியந்தினிக்கும் வினோஜாவுக்கும் சொல்கிறேன். ஆனால் கமலாசனி அம்மாவிடம் மட்டும் என்னைப் போகச் சொல்லாதே. அவரின் முகத்தை என்னால் பார்க்க முடியாது. வேண்டுமானால் அவருக்கு ஒரு கடிதம் எழுதி உன்னிடம் அனுப்புகிறேன்.

கோகுலன்


ஜெயபுரம்
22.03.2025

சாத்திரியார் அவர்களுக்கு,

பலகையைக் கழற்றுவது உங்களுக்குச் சுகம் தரும். கமலாசனி அம்மாவுக்கு என்ன தரும்?

கடிதம் வாசிக்கிற அளவுக்கு அவருக்குக் கண் தெரியாது. நானும் உங்கள் தபால்காரன் இல்லை.

முகத்தைப் பார்க்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தேன், மண்ணோடு.

வீ. ஜனார்த்தனன்


வட்டக்கச்சி
05.04.2025

ஜனா,

போனேன். முந்தாநாள் வியாழக்கிழமை காலை.

கமலாசனி அம்மா முற்றத்தில் அவித்த நெல்லைப் பாயில் பரப்பிவிட்டுக் கோழி கலைத்துக்கொண்டிருந்தார். ஆள் ஒருவர் நிற்பது மட்டும் தெரிந்தது போல.

"ஆர் தம்பி?"

"கிளிநொச்சிச் சாத்திரி கோகுலன், அம்மா."

அவர் உடனே எழும்பினார். சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து, தூசு தட்டிப் போட்டார். "இருங்கோ ஐயா. நீங்கள் அப்பவே சொன்னனீங்களாம். நான்தான் கேக்கேல்லை," என்றார்.

ஜனா, அவர் என்னை ஏசியிருந்தால் இருந்திருப்பேன். அந்தக் கதிரையில் என்னால் இருக்க முடியவில்லை. நின்றபடியே சொன்னேன். "அம்மா, அந்தக் குறிப்பில குற்றம் இல்லை. நான் வேணுமெண்டு மாத்தி எழுதினனான். ஜனாவை என்ர தங்கச்சிக்குக் குடுக்க எனக்கு விருப்பமில்லை, அதால எழுதினனான். உங்கட பிள்ளை போனதுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

கோழிகள் நெல்லுக்குள் இறங்கின. அவர் கலைக்கவில்லை.

"அப்ப நான் குறிப்புப் பாத்திருந்தாலும் பொருந்தியிருக்குமோ?"

"ஓம் அம்மா. நல்லாப் பொருந்தியிருக்கும்."

"அப்ப நான் கொல்லேல்லையோ?"

"இல்லை அம்மா."

"அஞ்சு வருசமா நான்தான் பிள்ளையைக் கொன்றனான் எண்டு இருந்தன்," என்றார். அழவில்லை. பாய் ஓரத்தில் குந்தி, கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப அவள் ஏன் செத்தவள்?"

"டெங்கு அம்மா."

"அது எனக்குத் தெரியும். ஏன் எண்டு கேக்கிறன். நீங்கள் சாத்திரிதானே?"

எனக்கு ஒன்பது கிரகத்தின் நட்பும் பகையும் தெரியும். எது எங்கே பலம், எது எங்கே பலவீனம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் எழும்பி, கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. நான் படலையைச் சாத்திவிட்டு வந்தேன்.

பிரியந்தினிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் வவுனியாவில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிவில், "என்ர பிள்ளையள் ரெண்டுபேற்ற குறிப்பும் நீதானே எழுதினனீ? வேற ஆளிட்டக் குடுத்து எழுதுவிக்கப் போறன்," என்றாள். அவ்வளவுதான். புதுவருடத்துக்கு வரமாட்டாளாம்.

வினோஜாவைத் தொழிற்சாலை பஸ் நிற்கிற இடத்தில் கண்டு சொன்னேன். "அந்தச் சாத்திரி நீங்களோ?" என்று கேட்டார். "அவர் ஒருநாளும் உங்கட பேர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உங்கட கடைக்கு வந்திருக்கவே மாட்டன்." ஏழு வருடம் என் பெயரை நீ ஒருவருக்கும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடையைப் பூட்டவில்லை. பூட்ட விடவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் சொல்லிக் கேள்விப்பட்ட சனம் நேற்றிலிருந்து நான் எழுதிய குறிப்புகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருகிறது. "எங்கடையிலயும் கை வைச்சனீரோ?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொன்றாக அவர்களுக்கு முன்னால் திரும்பக் கணித்துக் காட்டுகிறேன். இதுவரை எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனாலும் ஒருவரும் நம்புகிற முகத்தோடு திரும்பிப் போகவில்லை. முடிந்த பிறகு பலகையைக் கழற்றுவேன்.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கோகுலன்


ஜெயபுரம்
20.05.2025

கோகுலன்,

இந்தக் கடிதத்தில் உன்னை நீ என்று எழுதுகிறேன். மன்னித்ததால் இல்லை. உனக்கு மரியாதை கொடுத்துக் கொடுத்துக் களைத்துவிட்டேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு நாலு நாள் கழித்துக் கமலாசனி அம்மா பஸ்ஸில் இங்கே வந்தார். யாரோ கையைப் பிடித்து இறக்கிவிட்டிருக்கிறார்கள். நான் ஒரு மோட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன், கை முழுக்கக் கிறீஸ். வீட்டு முன்பக்கம் இருக்கும் கடையின் வாசலில் நின்று, "தம்பி, அண்டைக்கு மண் எறிஞ்சது நான்," என்றார். தெரியாதா எனக்கு? ஆனால் வேறு எப்படித் தொடங்குவார். கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

அம்மாதான் வெளியே வந்தார். "உக்காருங்க தாயி. புள்ளயப் பறிகுடுத்த வயிறு எறியாம என்னா செய்யும்? மண்ணுதான, கழுவுனா போயிரும்," என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் குசினி அடுப்படியில் இருந்து சாரங்காவைப் பற்றிக் கதைத்தார்கள். அவர் என்ன சாப்பிடுவார், எதற்குச் சிரிப்பார் என்று. எனக்கு அதெல்லாம் அதுவரை தெரியாது. நான் கட்ட இருந்த பெண்ணை எனக்கு ஒரு சாவாக மட்டும்தான் தெரிந்திருந்தது.

போன வெள்ளிக்கிழமை வினோஜாவுக்கும் எனக்கும் பதிவுத் திருமணம். நாள் பார்க்கவில்லை, பதிவாளருக்கு வசதியான நாள். கமலாசனி அம்மா சாட்சியாகக் கைவிரல் அடையாளம் வைத்தார். உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடலாம் என்று வினோஜா சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.

உன் வெட்கத்தை முழுவதும் எழுதினாய். என்னுடையது ஒன்றும் இருக்கிறது. சாரங்கா செத்த கிழமை நான் அம்மாவிடம், "ஏன் என்னை அந்த நேரத்தில பெத்தனீங்கள்?" என்று கத்தினேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். "வலி வந்துருச்சு சாமி. நான் என்னா பண்ணட்டும்?" என்றார், மன்னிப்புக் கேட்பது போல. அதை நீ எழுதிய தாள் செய்தது என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இல்லை. அந்தச் சத்தம் என் வாயிலிருந்துதான் வந்தது.

நேற்று வினோஜாவுக்குத் தடிமன். வேலைக்குப் போகவில்லை. கடையிலிருந்து பகலில் ஐந்து தடவை வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "தடிமன்தானேயப்பா, போய் வேலையைப் பாருங்கோ," என்று சிரிக்கிறார். குறிப்பு பொய் என்று எனக்குத் தெரியும். சுரண்டிய இடத்தை என் கண்ணால் பார்த்தவன். ஆனாலும் அவர் தும்மினால் என் கை வேலையைப் பாதியில் விட்டுவிடுகிறது, கழற்றிய ஆணி எங்கே போனது என்று தெரியாமல் நிற்கிறேன். நீ எல்லாரிடமும் போய்ச் சொன்னாய். என் கைக்கு யார் சொல்வது?

சாரங்கா செத்ததிலிருந்து அம்மா செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறார். பொழுதுபட்டுத்தான் ஒரு வாய் சோறு. இன்றும் இருக்கிறார். "இனி எதுக்கம்மா? என்ர குறிப்பில குற்றமே இல்லையாம், கலியாணமும் முடிஞ்சுது," என்று காலையில் கேட்டேன்.

"இது ஒனக்கு இல்ல சாமி," என்றார். "அந்தச் சாத்திரிப் புள்ளைக்கு. எந்தக் கெரகம் புடிச்சு ஆட்டுச்சோ, அவனுக்கு அப்புடி ஒரு புத்தி வந்துருச்சு. அவனுக்குன்னு விரதம் இருக்க அங்க யாரு இருக்கா?"

எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.

ஜனா